கல்பாசி ஊரை விட்டுப் போன கதை

அந்தக் காலத்தில், மரமும் பாசியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, கல்பாசி ஊருக்குள்தான் இருந்தது. வேம்பு, புளி என்று எந்த மரத்துப் பட்டையிலும் ஒட்டிக்கொள்ளும். அதற்கு வேர் இல்லை, மூக்கும் இல்லை. உடம்பு முழுவதாலும் மூச்சு விடும்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் மந்தையன் என்பவன் சுண்ணாம்புக் காளவாய் போட்டான். இரவும் பகலும் புகை. மரங்களிலிருந்த கல்பாசிகள் ஒவ்வொன்றாகக் கருகி உதிர்ந்தன. சிலம்பாயி வீட்டு வேம்பில் இருந்தது மட்டும் மிஞ்சியது. தினமும் காலையில் அவள் அதன்மேல் தண்ணீர் தெளிப்பாள். அவளுடைய புருஷன் சடையன் காளவாயில் விறகு போடுகிறவன். அவனுக்கு இருமல் நிற்கவே இல்லை.

ஒருநாள் அந்த வழியாக வந்த மந்தையனைக் கல்பாசி கூப்பிட்டது.

"ஐயா, காத்து கெட்டுப்போச்சு. எங்க கூட்டமே போயிருச்சு. அடுத்தது உங்க ஆளுங்கதான்."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே?" என்றான் மந்தையன். அவன் வீடு புகை எட்டாத மேட்டில் இருந்தது. சிலம்பாயியிடம் திரும்பி, "இது கத்திக் கத்தி வேலையாட்களைப் பயமுறுத்துது. நாளைக்கு ஆள் வந்து சுரண்டிப் போட்டுருவான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

விடிந்ததும் சிலம்பாயி கல்பாசியைப் பட்டையோடு பெயர்த்து முந்தானையில் முடிந்துகொண்டு மலையேறினாள். உச்சியில் ஈரமான பாறை ஒன்றில் அதை ஒட்டிவைத்தாள். கல்பாசிக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு மூச்சு நன்றாக வந்தது.

"அக்கா, நீயும் இங்கேயே இருந்துரு."

"அவருக்கு ஒரு வாய் கஞ்சி குடுக்க வேற யாரு இருக்கா? புகை நின்னதும் வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

ஒரு மழைக்காலம் போய் அடுத்ததும் வந்தது. பாறையில் பேச்சுத்துணைக்கு யாருமில்லை. மேகம் வரும், நிற்காமல் போய்விடும்.

ஒருநாள் சிலம்பாயி வந்தாள். பத்தடிக்கு ஒருமுறை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியிருந்தாள்.

"நின்னுருச்சா அக்கா?"

"இல்லப்பா. காளவாய் நாலாயிருச்சு." வெகுநேரம் இருமினாள். "அவரு ஆடி மாசமே போயிட்டாரு."

"அப்புறம் ஏன் அங்கே போகணும்? இங்கேயே இரு."

"காளவாய்ல வேலை செய்யற புள்ளைங்க நிறைய இருமுதுங்க. நீ சொன்னதை யாராவது சொல்லணும்ல" என்று எழுந்தாள்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. கல்பாசி நாள்தோறும் கீழே பார்த்துக் கூப்பிட்டது. புகைமூட்டத்துக்குள்ளிருந்து பதில் எதுவும் வரவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஒரு சாயங்காலம் அதன் குரல் அடங்கிப்போனது.

அன்று ஊமையானதுதான் கல்பாசி. இன்றும் ஆளில்லாத மலைப்பாறைகளில் வாய் திறக்காமல் ஒட்டிக்கிடக்கிறது. புகை மூடிய ஊர் மரத்தில் எவ்வளவு தேடினாலும் அது கிடைப்பதில்லை.