உருண்டு போன திருகை

ஊருக்கே கேழ்வரகு அரைத்துக் கொடுத்துப் பிழைத்தவள் சடச்சி. தன் வீட்டு விருந்துக்கு முதலில் அரைக்கவில்லை என்று பண்ணையார் நாலு ஆளை விட்டு அவள் திருகையைத் தூக்கிவரச் செய்தார். திருகை போனால் அவள் அடுப்பு எரியாது. பண்ணையார் வாசலில் போய் நின்றாள்.

"எடுத்துக்கிட்டுப் போ. ஆனா ஒத்தையாளா போகணும். வண்டி கூடாது, மாடு கூடாது. இருட்டுறதுக்குள்ள வீடு சேரலேன்னா அது என்னுது" என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"ஒரு கழியும் கயிறும் எடுத்துக்கலாமா சாமி?"

"எடு, எடு. இழுத்துப் பாரு, குறுக்கு ஒடியட்டும்."

சடச்சி கீழ்க்கல்லின் நடுமுளையைத் தட்டிக் கழற்றினாள். வட்டமான மேல்கல், கீழ்க்கல் இரண்டையும் நெம்பிச் சுவரோரம் நிமிர்த்தினாள். இரண்டின் நடுத்துளையிலும் ஒரே கழியைச் செருகி, கழியின் இரு முனையிலும் கயிற்றைக் கட்டி இழுத்தாள்.

நாலு பேர் முக்கித் தூக்கிவந்த கல், கடகடவென்று அவள் பின்னால் உருண்டு வந்தது. சிரித்த வாயெல்லாம் திறந்தபடி நின்றன. கோயில் தேரைக் கண்டதுபோல ஒருவன் கையே கூப்பிவிட்டான்.

"ஏய்! வண்டி கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"வண்டின்னா மேல சுமை இருக்கணுமே சாமி. இதுல கல்லைத் தவிர என்ன இருக்கு?"

பண்ணையார் வாசல் நடுவிலேயே நின்றார்.

"ஒதுங்குங்க சாமி, கால்ல ஏறிடும்."

ஒதுங்கினார். அவர் இன்னொருவருக்கு வழிவிட்டதை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.