எடைக்கு எடை

“சாமி, இந்த உடம்பு எனக்குத் துரோகம் பண்ணிட்டு” அப்படின்னாரு பிரமநாயகம்.

சாமி பெரிய அண்டாவைப் புளி போட்டுத் தேய்ச்சுக்கிட்டிருந்தாங்க. நிமிர்ந்து பாக்கலை.

“எவ்வளவு?”

“இருபத்துமூணு கிலோ.”

எனக்கு அப்பவே எரிச்சல். காலங்காத்தால, இன்னும் காப்பிகூட வாயில வைக்கலை, வந்து நிக்காரு மனுசன். மத்தவங்க மோட்சம் கேட்டு வார இடத்துல இவரு கிலோவுல கேக்காரு.

நான் இந்த மடத்துல கரண்டி பிடிக்கிறவன். ஆத்தங்கரையில சின்ன மடம். எங்க சாமி பொம்பளை, நாப்பது வயசு இருக்கும். கோவம் வந்தா ஆறு அந்தப் பக்கமா ஒதுங்கிப் போயிரும். பிரமநாயகம் அவங்களைவிடப் பதினஞ்சு வயசு மூப்பு. ஆனாலும் அவருதான் சிஷ்யர். கும்பிட்டு “சாமி”ம்பாரு. அவங்க “அண்ணாச்சி”ம்பாங்க. கடைவீதியில பாத்திரக்கடை வச்சிருக்காரு.

ரெண்டு வருசத்துக்கு முந்தி அவரு நூத்தி நாப்பத்தாறு கிலோ. மதுரைக்குப் போயி இரைப்பையைச் சுருக்குற ஆபரேஷன் பண்ணிக்கிட்டாரு. எண்பதுக்கு வரணும்னு டாக்டர் சொல்லியிருந்தாராம். மளமளன்னு இறங்குச்சு. நூத்திமூணுல வந்து நின்னுபோச்சு. சண்டிமாடு மாதிரி, அடிச்சாலும் நகரமாட்டேன்னு நின்னுபோச்சு.

அதுக்கப்புறம் அவரு பண்ணாத கூத்தில்லை. விடியுமுன்னே நடை. மத்தியானம் கொள்ளுத் தண்ணி. ராத்திரி அதுவும் கிடையாது. போன வாரம் கடையில குத்துவிளக்கை எடுக்கப் போயி மயங்கி விழுந்தாரு. விளக்கு மேல விழுந்திருந்தா அன்னைக்கே கதை முடிஞ்சிருக்கும். தண்ணி தெளிச்சு எழுப்பி உக்காரவச்சா, எடை மெசினை எடுத்துட்டு வாங்கன்னாராம்.

டாக்டர்கிட்டயும் சண்டை. இவ்வளவு இறங்குனதே பெரிய விசயம், சிலருக்கு இந்த இடத்துல நின்னுரும், அதுக்காகப் பட்டினி கிடக்காதீங்கன்னு அந்த மனுசன் தன்மையாத்தான் சொல்லியிருக்காரு. அப்ப எதுக்குய்யா எண்பதுன்னு வாயைத் திறந்தேன்னு கேட்டுட்டு வந்துட்டாரு இவரு.

“சாமி, வயித்தை அறுத்தாச்சு. வாயைக் கட்டியாச்சு. இன்னும் என்னதான் வேணுமாம் இதுக்கு?”

“எதுக்கு?”

“இந்த உடம்புக்கு.”

“அதுகிட்டக் கேட்டுப் பாத்தீங்களா?”

“கிண்டல் பண்ணாதீங்க சாமி. ஊரே கிண்டல் பண்ணுது. ‘என்ன அண்ணாச்சி, கத்தி வச்சும் இவ்வளவுதானா’ங்கான். சாமான் வாங்க வந்தவன் கரண்டியைப் பாக்காம என் தொப்பையைப் பாக்கான்.”

சொல்லும்போது அவருக்கு உதடு துடிச்சுது. சும்மா சொல்லக் கூடாது, எனக்குக்கூடக் கொஞ்சம் பாவமா இருந்துச்சு. அடுத்த நிமிசமே என் கையில இருந்த காப்பியைப் பாத்து, ஏதோ சாக்கடையைப் பாத்த மாதிரி மூஞ்சியைச் சுளிச்சாரு. பாவம் போயிட்டு.

ஒரு பையைத் திறந்து எடை மெசினை வெளிய எடுத்தாரு. அதையும் தூக்கிக்கிட்டு வந்திருக்காரு. கல்தரையில வச்சு மேல ஏறி நின்னாரு.

“பாருங்க சாமி. நீங்களே பாருங்க.”

சாமி கையைக் கழுவிட்டு வந்தாங்க. “இறங்குங்க”ன்னாங்க. அவரு இறங்கினதும் தான் ஏறி நின்னாங்க.

“எவ்வளவு காட்டுது?”

“அம்பத்தொண்ணு.”

“அம்பத்தொண்ணுலயே எனக்கு இம்புட்டுக் கோவம் வருது. எண்பதுல உங்களுக்குத் தீந்திருமோ?”

அவரு மெசினை எடுத்துப் பைக்குள்ள திணிச்சாரு.

சாமி திரும்ப அண்டாகிட்டப் போயி உக்காந்தாங்க.

“சரி, எண்பது வந்துட்டா என்ன செய்வீங்க?”

“துலாபாரம் கொடுப்பேன். அம்மன் கோயில்ல. எடைக்கு எடை கருப்பட்டி.”

“யாரு நேர்ந்தது?”

கொஞ்சம் இழுத்துத்தான் சொன்னாரு. “ஆவுடை.”

ஆவுடையம்மா அவரு சம்சாரம்.

“எப்ப நேர்ந்தாங்க?”

“ஆபரேஷன் அன்னைக்கு. என்னை உள்ள கொண்டுபோனதும் வெளிய நின்னு.”

“என்னன்னு?”

“இவரை எனக்கு உயிரோட திருப்பிக் கொடு தாயே, எடைக்கு எடை கருப்பட்டி தாரேன்னு.”

சாமி கை நின்னுபோச்சு. அவரைத் தலையில இருந்து கால்வரைக்கும் ஒரு பார்வை பாத்தாங்க.

“உயிரோடதானே நிக்கீங்க?”

அவரு தோள்ல கிடந்த துண்டை எடுத்து மடிச்சாரு.

“அப்ப அந்த அம்மா நேர்ந்ததைத் தள்ளிப்போட நீங்க யாரு?”

“நூத்திமூணுல எப்படிப் போயி தட்டுல உக்காருவேன்? ஊர் முன்னால? அந்தப் பக்கம் கூடை கூடையாக் கொட்டணும். சிரிப்பாங்க சாமி.”

“குறைஞ்சபிறகு உக்காந்தா அம்மனுக்குக் கருப்பட்டியும் குறைச்சல், உங்களுக்கு மானமும் மிச்சம். நல்ல வியாபாரி அண்ணாச்சி நீங்க.”

அவருக்கு மூஞ்சி ஜிவுஜிவுன்னு ஆயிட்டு. அம்மன்கிட்டயா நான் கணக்குப் பாக்கேன்னு கத்தினாரு.

“நாளைக்கு வெள்ளிக்கிழமை. போயி உக்காருங்க. உக்காரலைன்னா இந்தப் படி ஏறாதீங்க.”

“ஏறலை. எனக்கு இந்த மடமும் வேண்டாம், உங்க உபதேசமும் வேண்டாம்.”

துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போனாரு. போற போக்குல வாசல்ல கிடந்த என் செருப்பை ஒரு எத்து எத்திட்டுப் போனாரு. நான் என்ன பாவம் பண்ணேன்?

*

அன்னைக்கு மத்தியானமே ஆவுடையம்மா வந்தாங்க.

வழக்கமா விழுந்து கும்பிடுறவங்க, அன்னைக்குக் கும்பிடலை. நின்னுக்கிட்டே, கடையத்துல இருக்குற அண்ணன் வீட்டுக்குப் போறதாவும், சொல்லிட்டுப் போக வந்ததாவும் சொன்னாங்க. எப்ப திரும்புவீங்கன்னு நான் கேட்டேன். தெரியலைன்னாங்க.

சாமி ஒரு செம்பு மோர் கொடுத்தாங்க. மோர் உள்ள போனதும் பேச்சு வெளிய வந்துச்சு.

ஆபரேஷனுக்கு முந்தி பல வருசமா அவரு படுத்துத் தூங்குனதே இல்லையாம். நாற்காலியில உக்காந்தபடிதான் தூக்கம். குறட்டை விட்டுக்கிட்டே இருப்பாராம், திடீர்னு மூச்சு நின்னுருமாம். இவங்க உலுக்குனாத்தான் திரும்ப வருமாம். அந்த மூச்சுக்குக் காவல் இருந்தே இவங்க தூக்கம் போயிட்டு. ஆபரேஷன் முடிஞ்சு சில மாசத்துல ஒருநாள் மனுசன் பாயில மல்லாந்து படுத்து, சத்தமில்லாம, சின்னப் பிள்ளை மாதிரி தூங்கினாராம். இவங்க பக்கத்துல உக்காந்து அழுதாங்களாம். சக்கரை மாத்திரை நின்னுச்சு. மலைக்கோயில் படியை மூச்சு வாங்காம ஏறினாரு. இதுபோதும்னு இவங்க நினைச்சிருக்காங்க.

அவருக்குப் போதலை.

தினமும் மெசின்ல ஏறி இறங்கினா மத்தியானம் வரைக்கும் பேச்சு கிடையாது. தட்டுல சோறு வச்சா, என்னைக் கொல்லப் பாக்கியான்னு கேக்காராம். தங்கச்சி மகன் கல்யாணத்துக்குப் போகலை, போட்டோ எடுப்பாங்கன்னு. எதைச் சொன்னாலும் ஒரே பதில், எண்பது வரட்டும்.

“ஆபரேஷனுக்கு உள்ள போன மனுசன் இன்னும் வெளிய வரலை சாமி. நான் இன்னமும் அந்தக் கதவுக்கு வெளியதான் நிக்கேன்.”

அழலை. பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க.

சாமி காலிச் செம்பை வாங்கிக் கீழ வச்சாங்க.

“நாளைக்கு ஒருநாள் இருங்க. கருப்பட்டி வாங்கிக் கோயில்ல கொண்டு வைங்க.”

“அவரு வரமாட்டாரு.”

“அது என் பாடு.”

நான் சும்மா இருந்திருக்கலாம். “நூத்திமூணு கிலோ வாங்குனாப் போதும்லா?”ன்னு கேட்டேன். ஆவுடையம்மா என்னை ஒரு பார்வை பாத்தாங்க. நான் அடுப்பைக் கவனிக்கப் போயிட்டேன்.

*

வெள்ளிக்கிழமை காலையில சாமி கடைவீதிக்குக் கிளம்பினாங்க. என்னையும் வரச் சொன்னாங்க.

நேரே பிரமநாயகம் கடைக்குப் போனாங்க. வாசல்லயே தரையில உக்காந்தாங்க. பெரிய பித்தளைத் தாம்பாளம் ஒண்ணை இழுத்து மடியில வச்சாங்க. ஒரு கரண்டியை எடுத்து, டங்கு டங்குன்னு தட்ட ஆரம்பிச்சாங்க.

“என்ன சாமி இது?”

டங்கு டங்கு.

“யாவாரம் நடக்குற நேரம் சாமி.”

டங்கு டங்கு.

ஜவுளிக்கடைக்காரன் வந்து நின்னான். டீக்கடையில இருந்தவங்க கிளாசோட வந்துட்டாங்க. பஸ்ஸுக்கு நின்ன கூட்டம் பஸ்ஸை விட்டுட்டு வந்துட்டு. தாம்பாளம் நல்லா இருக்கான்னு சாமி தட்டிப் பாக்குதாங்களோன்னு எவனோ சொன்னான். குபீர்னு ஒரு சிரிப்பு. எனக்கே எங்க போயி ஒளியலாம்னு இருந்துச்சு.

பிரமநாயகம் வேர்த்து விறுவிறுத்துக் குனிஞ்சு நின்னாரு. கழுத்து நரம்பெல்லாம் புடைச்சுக்கிட்டு நின்னுச்சு.

“ஏன் இப்படி என் மானத்தை வாங்குதீங்க?”

சாமி கரண்டியை நிறுத்தினாங்க.

“சிரிப்பாங்கன்னுதானே பயந்தீங்க? சிரிச்சாச்சு. வாரீங்களா, இன்னும் தட்டவா?”

கடை ஷட்டரை அவரு இழுத்த இழுப்புல வீதியே அதிர்ந்துச்சு. எங்க மூஞ்சியைக்கூடப் பாக்காம விறுவிறுன்னு நடந்தாரு. நாங்க பின்னால ஓடவேண்டியதாப் போச்சு. முன்னல்லாம் இந்தத் தூரத்துக்கு ஆட்டோ பிடிக்கிற ஆளு.

*

கோயில் மண்டபத்துல துலாபாரத் தராசு. தேக்கு உத்தரம், ரெண்டு பக்கமும் சங்கிலி, சங்கிலியில பலகைத் தட்டு. ஒரு பக்கம் ஆவுடையம்மா கருப்பட்டிக் கூடைகளோட நின்னாங்க. புருசனைப் பாத்ததும் வாங்கன்னு சொல்லலை. அவரும் அவங்களைப் பாக்கலை.

பூசாரி உக்காரச் சொன்னாரு. உக்காந்தாரு. தட்டு தரையில போயி இடிச்சுது. கூட்டத்துல ஒருத்தன் கிளுக்குன்னான். பிரமநாயகம் கண்ணை இறுக்க மூடிக்கிட்டாரு.

ஆவுடையம்மா ஒவ்வொண்ணா அள்ளி வச்சாங்க. நான் கை கொடுக்கப் போனா விடலை. ஒரு கூடை காலியாச்சு. அடுத்தது. அதுக்கடுத்தது. மெதுவா அவரு தட்டு தரையை விட்டுக் கிளம்புச்சு. ரெண்டு தட்டும் நேருக்கு நேர் வந்து நின்னுச்சு.

“நேரா நிக்கு. போதும்மா” அப்படின்னு பூசாரி கற்பூரத்தை எடுக்கப் போனாரு. பிரமநாயகம் தப்பிச்சோம்டா சாமின்னு இறங்கப் பாத்தாரு.

ஆவுடையம்மா அடுத்த கூடையை அப்படியே கவுத்தாங்க.

கருப்பட்டித் தட்டு தடால்னு தரைக்கு இறங்குச்சு. அவரு மேல போயிட்டாரு. ரெண்டு காலும் அந்தரத்துல ஆடுது.

“ஏ ஆவுடை, என்ன செய்யுத? நேராயிட்டுல்லா?”

அவங்க அடுத்த கூடையை இழுத்தாங்க.

பூசாரி ஓடிவந்து கையைப் பிடிச்சுக்கிட்டாரு. “எடைக்கு எடைன்னுதானே நேர்ந்தீங்க? அது முடிஞ்சுபோச்சு. இதுக்கு மேல வைக்கிறது முறையில்லை.”

“எனக்கு முறை சொல்லாதீங்க.”

அந்தம்மா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

“நான் நேர்ந்துக்கிட்ட அன்னைக்கு உள்ள கிடந்தது நூத்தி நாப்பத்தாறு கிலோ மனுசன். அவரைத்தான் திருப்பிக் கொடுன்னு கேட்டேன். இவ்வளவு வேணும் இவ்வளவு வேண்டாம்னு நான் கேக்கலை. முழுசாக் கேட்டேன். முழுசுக்கும் கொடுப்பேன். கையை விடுங்க.”

பூசாரி விடலை.

கிளுக்குன்னவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

பிரமநாயகம் சாமியைப் பாத்தாரு. சாமி, தரையில சிதறிக் கிடந்த ஒரு கருப்பட்டித் துண்டை எடுத்து வாயில போட்டுக்கிட்டாங்க.

அவரு சம்சாரத்தைப் பாத்தாரு. எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்னைக்குத்தான் பாத்தாருன்னு நினைக்கேன். கண்ணுல இருந்து தண்ணி தாரையா இறங்குச்சு. குதிச்சு இறங்கிருவாருன்னு நான் பயந்துபோயி கிட்டப் போனேன்.

“ஓய் பூசாரி” அப்படின்னு மேலயிருந்து ஒரு அதட்டல் போட்டாரு. “கையை எடும். அவ வைக்கட்டும்.”