கருணை இல்லாத ராஜா

முன்னொரு காலத்திலே ஒரு ராஜாவுக்கு உட்கார முடியாத வியாதி வந்தது. மூல வியாதிதான். வெளியே சொல்ல வெட்கம். "மூலம் என்ற சொல்லை என் சபையில் எவன் உச்சரித்தாலும் நாடு கடத்துவேன்! நான் நிற்கும்போது ஒருவரும் உட்காரக் கூடாது!" என்று உத்தரவு போட்டுவிட்டார்.

சபையே கால் கடுக்க நின்றது. விகடகவி குஞ்சிதத்துக்குத்தான் மனசு தாங்கவில்லை. ராஜாவுக்குப் பட்டம் கட்டுவதற்கு முன், பகைவருக்கு அஞ்சி அவரும் தானும் காட்டில் ஒளிந்திருந்த வருஷங்களை நினைத்துக்கொண்டான். வெறுந்தரையில் சம்மணம் போட்டு, தேக்கிலையில் சோறு பிசைந்தபடி வாய் ஓயாமல் பேசிய மனிதர்! இப்போது முகம் கொடுத்துப் பேசியே மூன்று மாதமாகிறது.

அரண்மனை வைத்தியர் அமிர்தலிங்கத்துக்குக் குஞ்சிதத்தைக் கண்டால் ஆகாது. அவனை விரட்ட இதுதான் சமயம் என்று, "குஞ்சிதம், இன்றைக்கு என்ன நட்சத்திரம்?" என்று சபையில் கேட்டார். அன்று மூல நட்சத்திரம்.

"கேட்டைக்குத் தம்பி, பூராடத்துக்கு அண்ணன், வைத்தியரே."

வைத்தியர் பல்லைக் கடித்தார். "போகட்டும். மன்னருக்கு என்ன குறை? அதையாவது சொல்லும்!"

"மகாராஜாவிடம் கருணை இல்லை. அதுதான் குறை."

"கேட்டீர்களா பிரபு! ராஜத் துரோகம்!" என்று வைத்தியர் துள்ளினார்.

ராஜாவின் முகம் சிவந்தது. "எனக்கா கருணை இல்லை? நிரூபி. தவறினால் உன் தலை தப்பாது!"

"மடைப்பள்ளியில் விசாரியுங்கள் பிரபு. கருணை இருந்தால் என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்."

சமையல்காரர் ஓடிவந்து கைகட்டி நின்றார். "கருணைக்கிழங்குங்களா? அது இங்க வந்தே பத்து வருஷமாச்சுங்களே! தினமும் கறியும் நெய்யும்தானே ஆக்குறோம்."

ராஜா குரல் தணிந்து, "காட்டில் புளி விட்டு வேகவைத்து மசிப்பாயே, அந்தக் கிழங்கா?" என்றார்.

"அதேதான் பிரபு. அப்போது தங்களுக்குச் சிம்மாசனம் இல்லை. ஆனால் உட்கார முடிந்தது."

அன்று முதல் ஒரு மண்டலம் ராஜாவுக்குக் கருணைக்கிழங்கு மசியலும் மோர்ச்சோறும்தான். துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கி இதமான சூட்டில் கட்டியதும் குஞ்சிதமேதான். கிழங்குக்குத் தோல் சீவும் வேலை மட்டும், ராஜ உத்தரவுப்படி, வைத்தியருக்கு.

நாற்பத்தொன்பதாம் நாள் ராஜா சிம்மாசனத்தில் மெல்ல அமர்ந்தார். முகம் சுளிக்கவில்லை. வைத்தியர் இரண்டு கைகளையும் வறட் வறட்டென்று சொறிந்துகொண்டு நிற்பதைக் கண்டதும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் குஞ்சிதத்துக்குப் போட்டார்.

"பிரபு, இன்னும் வலிக்கிறதா?" என்று, ராஜாவின் கண்ணில் நீரைக் கண்டு குஞ்சிதம் பதறினான்.

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வலிக்குதடா, வயிறு!" என்றார்.