நாலு புற்றா, ஏழு புற்றா?

ஏரிக்கரைக் காட்டில் ஓட்டாயி என்ற அழுங்கு, அதாவது எறும்புத்தின்னி, வாழ்ந்தாள். உடம்பு முழுக்க ஓடு. வாயில் ஒரு பல் கூடக் கிடையாது. கறையான் புற்றை நகத்தால் பிளந்து, நீள நாக்கால் நக்கித் தின்பாள். அவள் வாலின் மேல் எப்போதும் அவள் மகள் பொடிச்சி தொற்றிக்கொண்டிருக்கும்.

அந்தக் காட்டு விலங்குகள் விளாங்காய் ஆட்டம் ஆடும். ஒருவர் காயை எறிவார். எதிர் அணிக்காரர் மரக்கொம்பால் அடிப்பார். அடித்தவர் சுற்றிலும் உள்ள நாலு மரத்தையும் தொட்டுவிட்டு ஓடி வர வேண்டும். அடி படாவிட்டால், அடிப்பவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எறிபவரின் கூட்டாளி காயைப் பிடிக்க வேண்டும். மூன்று முறை அடி தவறினால் அடிப்பவர் வெளியே!

ஏரிக்கரை அணியில் எறிபவன் கிளையான் என்ற குரங்கு. பிடிப்பவள் ஓட்டாயி. அவளுக்குக் கண்பார்வை மங்கல்தான். ஆனால் அடிக்க வருபவர் எந்தக் காலில் பாரம் போடுகிறார் என்பதை மண்ணின் அதிர்விலேயே கண்டுபிடித்துவிடுவாள். உடனே வாலை அசைப்பாள். இடப்பக்கம் அசைத்தால் இடப்பக்கம் எறி. தரையில் படுக்கவைத்தால் தாழ எறி. கிளையான் அப்படியே எறிவான். எதிராளி காற்றை அடித்துவிட்டுத் திரும்பிப் போவார்.

இந்த வால் விஷயம் அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். கூட்டம் காயைத்தான் பார்க்கும். வாலை யார் பார்க்கிறார்கள்? கைதட்டல் முழுக்கக் கிளையானுக்கு!

அணியின் முதலாளி கரிமூக்கன் என்ற காட்டுப்பன்றி. அவன் ஒரு நாளும் காயை எறிந்ததில்லை, அடித்ததில்லை, பிடித்ததில்லை. ஏரிக்கரையின் புற்றுகளும் அத்திமரங்களும் அவன் வசம் இருந்தன. அதனால் முதலாளி ஆனான். வேறு தகுதி யாரும் கேட்கவில்லை.

மழைக்காலம் வந்தது. ஆட்டம் நின்றது. கூலி பேசும் காலம் தொடங்கியது.

ஓட்டாயி கரிமூக்கனிடம் போனாள். "முதலாளி, ஐந்து வருடமாக மூன்று புற்றுக்கு ஆடுகிறேன். இப்போது குழந்தை இருக்கிறது. கோடையில் கறையான் மண்ணுக்கு அடியில் இறங்கிவிடும். ஏழு புற்று இருந்தால்தான் இரண்டு வயிறும் நிறையும்."

"நாலு!" என்றான் கரிமூக்கன்.

"ஏழு."

"நாலு! இல்லையென்றால் பூநாரையிடம் போ!"

பூநாரை வெளியூர்ப் பறவை. மழைக்காலத்தில் மட்டும் ஏரிக்கு வரும். இந்தக் காட்டில் அதற்கு உறவும் இல்லை, பகையும் இல்லை. அதனால் கூலித் தகராறை அதுதான் தீர்க்கும். அதன் முறை விசித்திரமானது. சேற்றில் இரண்டு வட்டம் போடுவார்கள். ஒன்று முதலாளி சொன்ன கூலி. இன்னொன்று ஆட்டக்காரர் கேட்ட கூலி. பூநாரை இரு தரப்பையும் கேட்டுவிட்டு, ஏதாவது ஒரு வட்டத்தில் ஒற்றைக் காலில் நிற்கும். நடுவில் நிற்கவே நிற்காது. நாலு என்றால் நாலு, ஏழு என்றால் ஏழு. ஐந்தும் கிடையாது, ஆறும் கிடையாது.

இன்னொரு விதியும் உண்டு. யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ, அவரே எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்க வேண்டும்.

வழக்கு நாளில் காடே கூடியது. கரிமூக்கனுக்காகப் பேச ஓணான் வந்தது. அது முதலாளியின் கணக்குப்பிள்ளை. முதலாளி தும்மினால் கூடத் தலையாட்டும்.

"ஐயா பூநாரையாரே!" என்று ஓணான் தொண்டையைச் சிவக்கவைத்துக்கொண்டு ஆரம்பித்தது. "இந்த ஓட்டாயிக்குக் கண் தெரியாது. ஓட்டம் வராது. ஆமை கூட இவளை முந்தும்! பல் இல்லை, எதிரியைப் பார்த்து ஒரு உறுமல் கிடையாது. பயம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்வாள். போன வருடம் ஒரு முறை இவளையே காய் என்று நினைத்து எருமைக்கன்று உதைக்கப் போனது!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பொடிச்சி தாயின் வாலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"இவள் செய்யும் வேலைதான் என்ன? வருகிற காயைப் பிடிக்கிறாள். அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம்! எறிவது கிளையான். ஜெயிப்பது கிளையான்!"

பூநாரை கழுத்தைத் திருப்பியது. "உனக்காக யாராவது பேசுவார்களா, அம்மா?"

"கிளையான் பேசுவான்" என்றாள் ஓட்டாயி. "டேய் கிளையா, சொல்லுடா. நான் வால் காட்டும் இடத்தில்தானே நீ எறிகிறாய்?"

கிளையான் மரக்கிளையில் இருந்தான். அன்று காலையில்தான் கரிமூக்கன் அவனுக்கு ஒரு குலை அத்திப்பழம் அனுப்பியிருந்தான். "அடுத்த வருடம் உன் கூலியும் பேச்சுக்கு வரும். ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லியும் அனுப்பியிருந்தான்.

"கிளையான் பேசுகிறாரா?" என்று பூநாரை கேட்டது.

கிளையான் விலாவைச் சொறிந்தான்.

"கிளையான் பேசுகிறாரா?"

கிளையான் வானத்தைப் பார்த்தான்.

"மூன்றாம் முறை கேட்கிறேன். பேசுகிறாரா?"

"எனக்கு... பல்வலி" என்றான் கிளையான்.

பூநாரை மெல்ல நடந்து, நாலு புற்று வட்டத்தில் ஒற்றைக் காலில் நின்றது.

கரிமூக்கன் வெற்றிக் களிப்போடு வீடு திரும்பினான். வழி நெடுக ஓணான் பேசியதை நினைத்து நினைத்து மகிழ்ந்தான். பாதி தூரம் போனதும் சட்டென்று நின்றான்.

"ஓணானே! அவள் வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றாயே?"

ஓணான் தலையாட்டியது.

"அப்படியானால் அவளுக்கு நாலு புற்று மட்டும் எதற்கு?"

 கூலியைக் குறைப்பதற்காகச் சொன்ன பேச்சை முதலாளியே நம்பிவிடுவார் என்று ஓணான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் தலை தன் பாட்டுக்கு ஆடியது.

மறுநாளே ஓட்டாயிக்கு ஆள் வந்தது. "உன்னை விடுவித்துவிட்டோம்! இனி நீ எந்த அணிக்கு வேண்டுமானாலும் போகலாம்! உனக்குச் சுதந்திரம்!"

வேலையைப் பறிப்பதற்கு முதலாளிகள் எவ்வளவு அழகான பெயர்களெல்லாம் வைத்திருக்கிறார்கள்!

மிச்சமான நாலு புற்றையும் கொடுத்து, கரிமூக்கன் ஒரு மயிலை அடிக்கும் வேலைக்கு எடுத்தான். மயில் கொம்பைப் பிடித்து நின்றால் பார்க்கக் கண் கூசும். ஆனால் ஓடும்போது தோகை புதரில் மாட்டிக்கொள்ளும். காய் பிடிக்க ஒரு முயலை வைத்தான். முயலுக்குக் கூலி வெறும் புல். "என்ன அருமையான அணி!" என்று தன்னையே மெச்சிக்கொண்டான்.

ஓட்டாயி வேலை கேட்டுக் காடெல்லாம் நடந்தாள். முதல் அணி, "கண் தெரியாதாமே!" என்றது. இரண்டாவது அணி, "பல் இல்லையாமே!" என்றது. மூன்றாவது அணி சிரித்தே அனுப்பிவிட்டது. வழக்கைக் கேட்கக் காடே வந்திருந்தது அல்லவா? பசியில் பொடிச்சியின் பிடி நாளுக்கு நாள் தளர்ந்தது. ஒரு நாள் வாலிலிருந்து நழுவி விழுந்தே விட்டது.

கடைசியாக மேட்டுக்காட்டு அணிக்குப் போனாள். அதன் முதலாளி ஒரு கிழக் காட்டெருமை. அது அவளை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு, வேறு எந்த முதலாளியும் செய்யாத ஒன்றைச் செய்தது. தன் ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டது.

"நீங்கள்தானே இவளுக்கு எதிரே நின்று அடித்தவர்கள். இவள் எப்படி?"

செந்நாய் ஒன்று முன்னால் வந்தது. "முதலாளி, இவள் பின்னால் உட்கார்ந்தால் என் கையில் கொம்பு கனக்கும். நான் எங்கே அடிக்கப் போகிறேன் என்று எனக்குத் தெரிவதற்கு முன்னால் இவளுக்குத் தெரிந்துவிடுகிறது. தயவுசெய்து இவளை எடுத்துவிடுங்கள். இனி இவளுக்கு எதிராக ஆட என்னால் முடியாது!"

காட்டெருமை ஏழு புற்று கொடுத்தது. இரக்கப்பட்டுக் கொடுக்கவில்லை. ஜெயிப்பதற்காகக் கொடுத்தது. கூலி கொடுக்க அந்தக் காரணமே போதும்.

ஆட்டம் தொடங்கியது. ஏரிக்கரை அணியில் முயல் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தது. வேகமாக எறிந்தால் காய் அதைத் தாண்டி ஓடியது. அதனால் கிளையான் மெதுவாக, நடுவில் எறிந்தான். மெதுவாக நடுவில் வரும் காயை யார்தான் விடுவார்கள்? அடி, அடி, அடி! பாதிக் காய்கள் ஏரிக்குள் மிதந்தன. ஏரிக்கரை அணி கடைசி இடத்துக்குப் போனது. மேட்டுக்காடு முதலிடம்!

மீண்டும் மழைக்காலம். பூநாரை வந்தது. இம்முறை எதிரில் உட்கார்ந்தவன் கிளையான்.

"வழக்கமாக வாங்கும் இருபது குலை அத்தி போதும்" என்றான் அவன்.

"எட்டு!" என்றான் கரிமூக்கன்.

ஓணான் தொண்டையைச் சிவக்கவைத்தது. "ஐயா பூநாரையாரே! இவன் கை செத்துவிட்டது! இவன் எறிந்ததை அணில் கூட அடித்தது! ஏரி மீன்களைக் கேளுங்கள், எத்தனை காய் தலையில் விழுந்தது என்று!"

போன வருடம் சிரித்த அதே கூட்டம் அதே மாதிரி சிரித்தது.

"உனக்காக யாராவது பேசுவார்களா?" என்று பூநாரை கேட்டது.

கிளையான் சுற்றிலும் பார்த்தான். அவன் அணியில் அடிக்கும் கரடி தரையைப் பார்த்தது. முயல் காதை மடித்துக்கொண்டது. அவரவர் வீட்டுக்கும் காலையில் ஏதோ ஒரு குலை போயிருந்தது.

"மூன்றாம் முறை கேட்கிறேன்..."

"நான் பேசுகிறேன்!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. வெகு தூரத்தில் ஓட்டாயி வந்துகொண்டிருந்தாள். வந்தாள், வந்தாள், வந்துகொண்டே இருந்தாள்.

"மன்னிக்கவும், ஐயா" என்று மூச்சு வாங்கினாள். "எனக்கு ஓட்டம் வராது என்று போன வருடமே ஓணான் சொல்லியிருக்கிறது. அது என்னவோ உண்மைதான்."

"நீ வேறு அணிக்காரி! உனக்கு இங்கே என்ன வேலை?" என்று கரிமூக்கன் உறுமினான்.

"என் முதலாளியும் அதையேதான் கேட்டார். ஆட்டம் இல்லாத மாதம், என் கால், என் வழி என்றேன்." அவள் பூநாரை பக்கம் திரும்பினாள். "ஐயா, வாயால் பேச எனக்குப் பல் இல்லை. செய்து காட்டட்டுமா?"

பூநாரை சம்மதித்தது. கரடி கொம்பை எடுத்தது. முதலில் முயல் உட்கார்ந்தது. கிளையான் எறிந்தான். டமார்! காய் ஏரியில். மறுபடி எறிந்தான். டமார்! மறுபடியும் ஏரியில்.

"பார்த்தீர்களா!" என்று துள்ளினான் கரிமூக்கன்.

இப்போது ஓட்டாயி உட்கார்ந்தாள். "எல்லோரும் என் வாலைப் பாருங்கள்!" என்றாள். வால் இடப்பக்கம் அசைந்தது. மேலே தொற்றியிருந்த பொடிச்சியும் இடப்பக்கம் போனது. கிளையான் இடப்பக்கம் எறிந்தான். கரடி வலப்பக்கம் வீசியது. வால் தரையில் படுத்தது. காய் தாழ வந்தது. கரடியின் கொம்பு மேலே போனது. மூன்றாவது எறிக்குக் கரடி சுற்றிய வேகத்தில், தானே ஒரு சுற்றுச் சுற்றிச் சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தது.

"கரடி வேண்டுமென்றே விட்டுவிட்டது!" என்று கத்தினான் கரிமூக்கன்.

"வேண்டுமென்றேயா?" கரடி இடுப்பைப் பிடித்துக்கொண்டது. "முதலாளி, நீங்கள் வேண்டுமானால் வந்து நின்று பாருங்கள்!"

"அதே கை. அதே கரடி" என்றாள் ஓட்டாயி. "மாறியது பின்னால் இருந்தவர்தான். மாற்றியது முதலாளிதான். அதற்கு எறிந்தவன் கூலி ஏன் குறைய வேண்டும்?"

"இது சரிதானா?" என்று பூநாரை கேட்டது.

யாரைக் கேட்டது என்று கூடப் பார்க்காமல் ஓணான் தலையாட்டிவிட்டது!

பூநாரை நடந்தது. எட்டுக் குலை வட்டத்தைத் தாண்டியது. இருபது குலை வட்டத்தில் ஒற்றைக் காலை ஊன்றி நின்றது.

கூட்டம் கலைந்த பிறகு கிளையான் மெல்ல அருகே வந்தான். ஓட்டாயியின் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"அக்கா... நான் அன்று வாயைத் திறக்கவே இல்லை. நீ எனக்காக..."

"உனக்காக யார் வந்தது?" என்றாள் ஓட்டாயி. "நாளைக்குப் பொடிச்சி இந்தச் சேற்றில் வந்து உட்காருவாள். அப்போது சாட்சி சொல்ல ஆள் இருக்க வேண்டும். இந்தக் காட்டில் அந்தப் பழக்கம் இன்றைக்குத்தான் ஆரம்பித்திருக்கிறது. சரி, உன் பல்வலி எப்படி இருக்கிறது?"

"போய்விட்டது, அக்கா."

"நல்லது. அடுத்த வாரம் முயலின் வழக்கு வருகிறது. கரிமூக்கன் அதன் புல்லையும் பாதியாக்கப் போகிறானாம். நேரத்தோடு வந்து முன்னால் நில்."

அடுத்த வாரம் முயலுக்காகப் பேசக் கிளையான் போனான். கரடியும் போனது.

பக்கத்தில் நிற்பவரின் கூலி வெட்டப்படும்போது வாயை மூடிக்கொண்டிருப்பவர், நாளை தன் கூலியை வெட்டப்போகும் கத்தியைத்தான் தீட்டிக் கொடுக்கிறார்.