மரகதத்தின் பெட்டி

தில்லைநாயகம் ரொம்ப வருஷம் கூட்டுறவுச் சங்கத்து உரக்கிடங்கை நடத்தியவர். இடம் வீணாகக் கிடந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. ஓய்வு பெற்றபின், போக்கிடம் இல்லாத பெண்கள் தங்கும் இல்லத்துக்கு அறங்காவலராக வந்து சேர்ந்தார். அங்கே தலைமை அறங்காவலர் சௌந்தரவல்லி, தில்லைநாயகத்தைவிடப் பத்து வயது சின்னவர். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற அம்மா.

"தொண்டு எனக்குப் புதுசு. நீங்கதாம்மா குரு," என்று முதல் நாளே கும்பிட்டார் தில்லைநாயகம். சும்மா சொல்லக்கூடாது, மனுஷர் நல்லவர். நல்லவர்கள் அவசரப்பட்டால்தான் வம்பு.

அந்த இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருகிற ஒவ்வொருத்திக்கும் ஒரு தகரப் பெட்டி, பூட்டு, சாவி. அவள் வேலை கிடைத்துப் போனாலும் சரி, புருஷனோடு சமாதானமாகிப் போனாலும் சரி, சாவியைக் கொண்டுபோவாள். பெட்டி இங்கேயே இருக்கும். அப்படிச் சேர்ந்த பெட்டிகள் ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்தன.

ஒரு நாள் வேலம்மா கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். உதடு கிழிந்திருந்தது. உள்ளே இன்னொரு கட்டில் போட இடமில்லை.

"மறுபடி அந்த வீட்டுக்கே போன்னு சொல்லிராதீங்க சார்."

தில்லைநாயகம் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். நேரே பெட்டி அறைக்குப் போனார். முன்னால் இருந்த பெட்டியில் 'மரகதம்' என்று எழுதியிருந்தது. போன வருஷமே புருஷன் வீட்டுக்குத் திரும்பிவிட்டவள். சுத்தியலால் ஒரே போடு, பூட்டு தெறித்தது. உள்ளே பழைய செய்தித்தாள் விரித்திருந்தது. வேறு ஒன்றுமில்லை.

சத்தம் கேட்டு சௌந்தரவல்லி வந்தார்.

"பாருங்கம்மா, காலிப் பெட்டி! இதுக்குப் போய் ஒரு அறையா? எல்லாத்தையும் பழைய இரும்புக்குப் போட்டுட்டா இங்க மூணு கட்டில் போடலாம். ஒருத்தி வாசல்ல நிக்கிறா, போனவளுக்கு என்ன இடம்?"

சௌந்தரவல்லி அவரைக் கையசைத்துக் கூப்பிட்டார். அறங்காவலர்கள் கூட்டம் போடும் அறைக்குப் போய், நீள மேஜையின் ஒரு முனையைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் பிடிங்க ஐயா."

இரண்டு பேரும் மூச்சு வாங்க வாங்க மேஜையைப் புங்கமரத்தடியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அந்த அறையில் கட்டில் விழுந்தது, தூளி தொங்கியது. விளக்கு வைப்பதற்குள் வேலம்மாவின் குழந்தை தூங்கிவிட்டது.

"அப்ப நாம எங்கம்மா கூட்டம் போடுறது?"

"மரத்தடியில. மழை வந்தா பேச்சு சீக்கிரம் முடியும், நல்லதுதானே?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்த அம்மாவுக்கு வரவில்லை.

"உடைச்சது நீங்க. புதுப் பூட்டு வாங்கிப் பூட்டுங்க. சாவியை மரகதம் கையில நீங்களே கொடுத்துட்டு வாங்க."

"காலிப் பெட்டிக்கா?"

"காலிப் பெட்டிக்குத்தான்."

மறுநாள் பஸ் ஏறிப் போனார். விஷயத்தைச் சொன்னதும் மரகதத்தின் முகம் செத்துப்போயிற்று.

"என் பெட்டியைத் தூக்கிட்டீங்களா சார்?"

"ஐயோ, இல்லம்மா! அங்கேயேதான் இருக்கு. இந்தா, புதுச் சாவி."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாசல் நிலைக்குப் பக்கத்தில், வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஓர் ஆணி. அதில் தொங்கிய பழைய சாவியை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினாள்.

அந்நேரம் புருஷன் வந்தான். ஒரு காலத்தில் அவன் அடித்துத்தான் மரகதத்தின் கை முறிந்தது என்று தில்லைநாயகம் கேள்விப்பட்டிருந்தார்.

"இன்னும் சோறு ஆகலையா? எத்தனை தடவைடி சொல்றது..." குரல் கூரையைத் தொட்டது. கண் ஆணிப் பக்கம் போயிற்று. சாவி புதுசாகப் பளபளத்தது.

"சரி, மெதுவா ஆகட்டும். நான் கத்தலை, சும்மாதான் கேட்டேன்," என்றான். தானே போய் நாற்காலி எடுத்துவந்து போட்டான். "உக்காருங்க சார். டீ சாப்பிடுறீங்களா?"

அவன் முதுகுக்குப் பின்னால் மரகதம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தில்லைநாயகம் திரும்பி வந்தபோது அவர் தலையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது, வேலம்மாவுக்கு. அதை இறக்கி வைத்துவிட்டு மரத்தடி மேஜைக்கு வந்தார். பார்த்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சௌந்தரவல்லியிடம் சொன்னார்.

"ஒண்ணு மட்டும் புரியலைம்மா. பத்திரமா வச்சுக்க ஒரு புடவையாவது அதுல போட்டிருக்கலாமே. ஏன் காலியாவே வச்சிருக்கா?"

"காலியாவா?" என்றார் சௌந்தரவல்லி. "அவ குடித்தனமே அதுக்குள்ளதானே ஐயா இருக்கு."