சாமிக்குச் செய்த ஒட்டும் அப்பம்

சீன நாட்டு மூங்கில் காட்டில் லியாங் என்ற குரங்கு தன் அடுப்படிக்குள் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தது. புத்தாண்டு நெருங்கிவிட்டது! அன்று மாலை அடுப்படிச் சாமி வானுலகத்துக்குக் கிளம்புகிறார்!

ஒவ்வொரு வீட்டிலும் அந்த ஆண்டு நடந்த நல்லது கெட்டதை அவர் வானத்து ராஜாவிடம் அப்படியே ஒப்பித்துவிடுவார். அதனால் காட்டு விலங்குகள் ஒட்டும் அரிசியில் அப்பம் அவித்து அவருக்குப் படைக்கும். நியன்காவ் என்று அதற்குப் பெயர். தின்றால் வாய் ஒட்டிக்கொள்ளும். பிறகு எங்கே கோள் சொல்வது?

லியாங்குக்கு அப்பம் மிக மிக அவசரமாக வேண்டும். பாவோ கரடியின் சர்க்கரைப் பானையைத் திருடியது லியாங்தான். தன் அடுப்படிக்குக் கொண்டுவந்து பாதியைத் தின்றும் தீர்த்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. ஆனால் அடுப்புக்கு மேலே படத்தில் இருந்த சாமி பார்த்துக்கொண்டுதானே இருந்தார்!

"அவர் வாயை அடைச்சிட்டா நான் தப்பிச்சேன்!" என்று குதித்தது லியாங். அப்பத்துக்கும் அதே திருட்டுச் சர்க்கரைதான்!

ஆனால் லியாங்குக்குச் சமையல் தெரியாது. கரடியின் பக்கத்து வளையில் இருந்த யூலான் முயலைக் கூப்பிட்டது. பாவம், திருட்டைப் பற்றி யூலானுக்கு ஒன்றும் தெரியாது. ஊறவைத்த அரிசியை ஆசையாக அரைத்தது. சர்க்கரைப் பாகு சேர்த்துக் கரைத்தது. மூங்கில் கூடையில் இலை விரித்து மாவை ஊற்றி, கொதிக்கும் பானைமேல் ஏற்றி மூடியது.

"லியாங் அண்ணே, நான் விறகு எடுத்துட்டு வர்றேன். மூடியைத் திறக்காதீங்க! வெந்தாலும் ஆறுற வரைக்கும் கை வைக்காதீங்க. சூட்டோட தொட்டா விடவே விடாது!"

"சரி, சரி! நீ போ!"

முயல் போனது. ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. அடடா, என்ன வாசம்! லியாங்குக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

"சாமி வாய் ஒட்டுமா ஒட்டாதான்னு பார்க்க வேண்டாமா?" என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டு மூடியைத் திறந்தது. ஒரு பெரிய உருண்டையைப் பிய்த்து, ஊதி ஊதி வாயில் போட்டது.

அவ்வளவுதான்! மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்டன. இழுத்துப் பார்த்தது. அசையவில்லை!

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரே கூச்சல். விறகோடு திரும்பிய முயலின் காதைப் பிடித்து, பாவோ கரடி அடுப்படிச் சாமி படத்துக்கு முன்னால் இழுத்துக்கொண்டு வந்தது. பின்னால் காடே திரண்டு வந்தது.

"என் சர்க்கரையை இவதான் எடுத்திருக்கணும்! பக்கத்து வளையிலேயே இருக்கா!" என்று கர்ஜித்தது கரடி.

"ஐயோ பாவோ மாமா, நான் எடுக்கல!" என்று அழுதது யூலான்.

"அப்போ வேற யாரு? எல்லாரும் இந்தச் சாமி முன்னாடி வாய்திறந்து சொல்லுங்க! இல்லேன்னா இவ இன்னைக்கே காட்டை விட்டுப் போயாகணும்!"

"நான் எடுக்கல!" என்றது மான். "நானும் எடுக்கல!" என்றது நரி. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தன. கடைசியில் எல்லோரும் லியாங்கைப் பார்த்தார்கள்.

"ம்ம்ம்!" என்று இல்லையென்பதுபோல் வேகமாகத் தலையாட்டியது லியாங்.

"தலையாட்டினா செல்லாது! வாயைத் திற!"

"ம்ம்ம்ம்!"

கரடி குனிந்து மோந்து பார்த்தது. "அட! இது என் சர்க்கரை வாசம் இல்லையா? நீதானே எடுத்தே? இல்லேன்னா இல்லேன்னு சொல்லேண்டா!"

அந்த ஒரு வார்த்தைதான் லியாங்குக்கு வரவில்லை! திருதிருவென்று முழித்தது.

கரடியின் பிடி தளர்ந்தது. சிவந்த காதோடு விடுபட்ட யூலான், முதலில் செய்தது என்ன தெரியுமா? வெந்நீர் கொண்டுவந்து லியாங்கின் வாயில் ஊற்றியது!

"மெதுவா அண்ணே, மெதுவா!"

ஒட்டியிருந்த பல் பிரிந்தது. இப்போது லியாங் என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் முயலின் சிவந்த காதைப் பார்த்ததும் அதற்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான்தான் எடுத்தேன் மாமா. யூலான் எடுக்கல. சாமி வாயை ஒட்டலாம்னு பார்த்தேன்..."

"ஒட்டினது உன் வாய்தான்!" என்று கரடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. காடே சிரித்தது. யூலானிடம் கரடி மன்னிப்புக் கேட்டது. அந்தப் புத்தாண்டுக்குக் காட்டில் உள்ள அத்தனை பேருக்கும் மாவு அரைத்தது லியாங்தான்!

தன் தப்பை மறைக்க அடுத்தவர் வாயை அடைக்கப் பார்ப்பவன், கடைசியில் தானே வசமாக மாட்டிக்கொள்வான்.