மூன்று சில்லுகளின் சாட்சி

“உன் சில்லுதான் பொய் சொல்லுது! என் மின்தடைப் பெட்டி காட்டுற அளவுக்கு அதைத் திருத்து. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!”

கத்தியது அளவுச் சோதனைக் கூடத்தின் டைரக்டர் பரமேஸ்வரன். கூடத்துக்கு அங்கீகாரம் தர வந்த அதிகாரி அம்மா பக்கத்திலேயே நின்றார். திட்டு வாங்கியது சில்லுக்குக் குளிர்திரவம் ஊற்றும் தவசிக்கனி.

அந்தச் சில்லு, அதாவது நகமளவு சிப், கடுங்குளிரில், பெரிய காந்தத்துக்குள் கிடக்கும். அது தரும் மின்தடை அளவு இயற்கை போட்ட அளவு. யாரும் மாற்ற முடியாது. டைரக்டருக்கும் இது தெரியும், ஆனால் சூடு மாறாமல் எண்ணெய்த் தொட்டியில் வைத்திருக்கும் அவருடைய மின்தடைப் பெட்டி வெளிநாட்டுச் சரக்கு, அந்தத் திமிர்.

“திருத்திடறேன் சார். எந்த ஸ்குரூவைத் திருகணும்னு மட்டும் காட்டுங்க,” என்றார் தவசிக்கனி.

சில்லில் ஸ்குரூவே கிடையாது.

தவசிக்கனி அதோடு விடவில்லை. வேறு வேறு நாட்டில் செய்த இன்னும் இரண்டு சில்லுகளைச் சாயங்காலத்துக்குள் மாட்டிக் காட்டினார். மூன்றும் கடைசி இலக்கம்வரை ஒரே எண்.

“ஒருத்தரை ஒருத்தர் பார்க்காத மூணு பேர் ஒரே பதில் சொல்றாங்க மேடம். ஆயுத பூஜையில கற்பூரச் சூடு வாங்கின மின்தடைப் பெட்டியார் மட்டும் வேற சொல்றார்.”

அதிகாரி அம்மா நிமிர்ந்தார். “மின்தடையை எண்ணெய்த் தொட்டியிலேருந்து வெளியே எடுத்தீங்களா? பூஜைக்கா? யார் எடுத்தது?”

டைரக்டர் தவசிக்கனியின் காதருகே குனிந்தார். “நீயே எடுத்ததா சொல்லிடுப்பா.”

“இந்த மூணு சில்லு மாதிரி நானும் மாத்திச் சொல்ல மாட்டேன் சார்,” என்றார் தவசிக்கனி.